கீழ் வரிசைக்கு என்ன பதில்

ஜீப் நீலகிரியில் கட்டபெட்டு ஊரைத் தாண்டியதும் குழுத் தலைவர் பின்னால் திரும்பினார். "இந்தச் சரிவுல உங்க யாருக்காவது நிலம், வீடு, சொந்தக்காரங்க இருக்காங்களா?"

நிலவியல் படித்து முடித்து, ஆய்வு நிறுவனத்தில் தற்காலிக உதவியாளராக நான் சேர்ந்த புதிது. மண்சரிவைப் பார்க்க நிபுணர் குழுவோடு போகிறேன் என்கிற குஷியில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "எங்க அத்தை ஊடு இருக்குதுங்க சார், கீழ் வரிசைல" என்று பெருமையாகவே சொன்னேன். வழி காட்டச் சொல்வார் என்று நினைப்பு.

"அப்ப நீங்க கண்ணால பாத்ததைச் சொல்லலாம். முடிவு பேசறப்ப ரூமுக்குள்ள இருக்கக் கூடாது" என்றார்.

சுருக்கென்றது. டிரைவர் வேறு கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "அத்தை ஊட்டுல டீயாவது கிடைக்குமுங்களா?" தலைவர் அதற்கும் கூடாது என்று தலையாட்டினார்.

அந்த வாரம் கொட்டிய மழையில் மேல் வரிசை வீடுகளுக்குப் பின்னால் தேயிலைச் சரிவு பிய்ந்து இறங்கியிருந்தது. உயிர்ச்சேதம் இல்லை. இரண்டு வரிசைக் குடும்பங்களும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். பள்ளிக்கூடம் திறக்க வேண்டும். அடுத்த மழையும் வருகிறது என்றார்கள். இவர்கள் வீட்டுக்குத் திரும்பலாமா என்று கலெக்டர் எங்கள் நிறுவனத்தைக் கேட்டிருந்தார்.

மேல் வரிசையில் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. சுவர்கள் சாய்ந்து நின்றன. கீழ் வரிசைக்கு இறங்கினோம். ஆபீசர்கள் வருகிறார்கள் என்றதும் அத்தை முந்தின நாளே முகாமிலிருந்து வந்து, வீட்டைக் கூட்டிப் பெருக்கி, பின்வாசலைச் சாணி போட்டு மெழுகி வைத்திருந்தாள்.

தலைவர் அங்கேயே நின்றுவிட்டார். "இந்த இடம் மட்டும் ஏன்மா நீளமா ஈரமா இருக்கு?"

"வெடிப்பு விட்டிருந்துச்சுங்க. பெரியவங்க வர்ற எடம், பாக்க அசிங்கமா இருக்குமுல்லீங்க. மண்ணைப் போட்டு இடிச்சு மெழுகிட்டேனுங்க."

மண்வெட்டியால் மெதுவாகக் கொத்திப் பார்த்தோம். இடித்த மண்ணும் இருந்த மண்ணும் ஒன்றாகிப் போயிருந்தன. வெடிப்பின் அகலம், ஒரு பக்கம் கீழே இறங்கியதா என்பது, எதைப் பார்க்க வந்தோமோ அது எதுவுமே தெரியவில்லை.

"எவ்வளவு அகலம் இருந்துச்சு?"

"ஒரு வெரல் போகுமுங்க." கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டு வெரலோ என்னமோ."

சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது. வெடிப்பு புதுசு என்றால் மண் இப்போது நகர்கிறது என்று அர்த்தம், சொன்னால் அது அத்தை வீட்டுக்கு எதிராகப் போகும் என்பதும் தெரிந்தது. "தீபாவளிக்கு வந்தப்ப வெடிப்பே இல்லீங்க சார். இதே எடத்துலதான் புஸ்வாணம் வெச்சேன்."

"உன்னைக் கேட்டாங்களா?" என்றாள் அத்தை.

தலைவர் என்னைப் பார்த்தார். "போட்டோ இருக்கா?"

"இல்லீங்க."

"சரி, ஒருத்தர் பாத்ததாச் சொன்னார்னு எழுதிக்கறேன். சொன்னவர் இந்த வீட்டுக்கு உறவுன்னும் எழுதிக்கறேன்."

உண்மையைச் சொல்லியும் எனக்கு அரை மார்க்தான்.

பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவர்கள் பேசினார்கள். நான் வராந்தாவில் அத்தை பக்கத்தில்.

"ஊட்டுக்குக் கீழ கேரட்டு புடுங்கற பதத்துல நிக்குதுடி. விட்டா அழுகிப் போயிரும். வருசத்துப் பொழப்பே அதுலதான். உள்ள போயி ஒரு வார்த்தை சொல்லு."

"நான் உள்ள போகக் கூடாதுங்கத்தை."

"அப்பறம் எதுக்கு உனக்கு இந்த வேலை?"

கலெக்டர் வந்தார். தூக்கமில்லாத முகம். கதவைத் திறந்துவைத்துக்கொண்டே கேட்டார்: "போகலாமா, கூடாதா? ஒரே வார்த்தை போதும்."

"மேல் வரிசை கூடாது மேடம். கீழ் வரிசை எங்களுக்குத் தெரியலை."

"தெரியலைன்னு சொல்லவா இவ்வளவு பேர் வந்தீங்க?"

"வெடிப்புக்கு ரெண்டு பக்கமும் கம்பி அடிச்சு, இடைவெளி கூடுதான்னு ஒரு மழை பாக்கணும். அப்பத்தான் சொல்ல முடியும்."

"அப்ப கூடாதுன்னே எழுதிக் குடுங்க. என் வேலை சுலபமாகும்."

"அதுக்கும் ஆதாரம் இல்லை மேடம். தெரிஞ்சது எது, தெரியாதது எதுன்னு நான் எழுதலாம். உங்க முடிவை நான் எழுதக் கூடாது."

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், வலித்தது. கலெக்டர் வெளியே வந்து எங்களைப் பார்த்தார், கோத்தகிரிப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்த வானத்தைப் பார்த்தார்.

"கீழ் வரிசைக்காரங்களும் இங்கேயே தங்குங்க. மழையில்லாத பகல்ல போயி தோட்ட வேலை பாத்துக்கலாம். ராத்திரி ஒருத்தரும் அங்க இருக்கக் கூடாது. பள்ளிக்கூடத்துக்கு வேற எடம் நான் பாக்கறேன்."

அத்தை கையை விட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "நாளைக்கு லீவு போட்டுட்டு வா. கேரட்டு புடுங்க ஆள் வேணும்" என்றாள்.

"நாளைக்கு உங்க பின்வாசல்லதான் கம்பி அடிக்கறோம்."

"அடிச்சுப்போட்டு வா."

மறுநாள் மழை விட்ட நேரத்தில் கம்பிகளை அடித்து இடைவெளியை அளந்தோம். அத்தை கேரட் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். "நகருதா?"

"இப்பத்தானே அடிச்சிருக்கு."

அவள் கம்பியைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போனாள்.