தொட முடிந்த பாதம்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே, என் இடது பாதத்தைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். கேட்க உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பாதத்தால் என் வீடே இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

மூன்று வருடங்களுக்கு முன்பு, கிள்ளானில் நான் வேலை செய்யும் கிடங்கில், அடுக்கியிருந்த சரக்கு சரிந்து பாதத்தில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது. எக்ஸ்ரேயில் எல்லாம் நேராக இருந்தது. நரம்பு மட்டும், சரக்கு இன்னும் மேலேயே கிடப்பதுபோல் கத்திக்கொண்டிருந்தது. காற்றாடிக் காற்று பட்டால் எரியும். போர்வை பட்டால் நெருப்பு. தூக்கத்தில் என் மனைவி ரூபியின் கால் தவறிப் பட்டாலும் அலறி எழுவேன். அதனால் அவள் பக்கத்து அறையில் படுக்கத் தொடங்கினாள். கோபம் இல்லை; நான் தூங்க வேண்டும் என்றுதான். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமுவது கேட்கும்.

நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். மழை, சமையல், வாசித்த வசனம் எல்லாம் ஒழுங்காக எழுதுவேன். வலி என்று எழுதுவதை மட்டும் விட்டுவிட்டேன். தினமும் அதே சொல்தானே? மாத்திரைகள் வலியைக் குறைக்கவில்லை, என்னைத்தான் மங்கலாக்கின. தண்ணீருக்கடியில் நடப்பவன்போல் வேலைக்குப் போய் வந்தேன். யாராவது பேசினால், தூரத்துக் கரையிலிருந்து பேசுவதுபோல் இருக்கும்.

ஒரே ஒரு ஜெபம்தான் செய்தேன். "ஆண்டவரே, முழு சுகம் கேட்கவில்லை. ரூபி என் பக்கத்தில் படுக்க முடிந்தால் போதும்."

என் அக்கா ஜெபா பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறாள். ஒரு நாள் அவள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் எனக்காக எல்லாரும் ஜெபித்தார்கள். முடிந்து தேநீர் குடிக்கும்போது, அன்றுதான் முதல்முறை வந்திருந்த மாலதி என்ற பெண் என்னிடம் வந்தாள். "அங்கிள், நான் ஒரு ஹாஸ்பிடல்ல பெயின் கிளினிக் நர்ஸ். உங்க மாதிரி நரம்பு வலிக்கு அங்க ஒரு சிகிச்சை பண்றாங்க. வந்து பாருங்களேன்" என்றாள்.

நானும் ரூபியும் போனோம். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஊசி வழியாக மெல்லிய கம்பி ஒன்றை நரம்புக்குப் பக்கத்தில் வைப்பார்கள். தோலுக்கு வெளியே ஒட்டியிருக்கும் சிறு பெட்டி அதற்கு இலேசான மின்துடிப்பு அனுப்பும். வலிச் செய்தி மூளைக்குப் போவதை அது தணிக்கும். எல்லாருக்கும் பலிக்காது. முதலில் சில நாள் சோதனை, பலன் இருந்தால்தான் நிரந்தரக் கம்பி. "முழுசா போயிடும்னு நினைக்காதீங்க அங்கிள்" என்று மாலதியும் சொன்னாள்.

சோதனைக்கான நாளில் மேசையில் படுத்தேன். முழங்காலுக்குக் கீழே ஊசி இறங்கியது. திரையில் என் நரம்பு, சாம்பல் நிற மேகத்துக்குள் ஒரு சின்ன நிலவுபோல் தெரிந்தது. "எங்க தெரியுதுன்னு சொல்லுங்க அங்கிள்." முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, அரைத்தூக்கத்தில் தகரக் கூரைமேல் தூறல் கேட்பதுபோல் ஒரு மெல்லிய சலசலப்பு, காலின் பக்கவாட்டில் இறங்கிப் பாதம் முழுவதும் பரவியது. கத்திக்கொண்டிருந்த நரம்பு அந்தத் தூறலைக் கேட்டு அமைதியானது. நான் அழுதேன். காரில் வீடு திரும்பும்போது பின்சீட்டில் தூங்கிவிட்டேன். கடல் வற்றிய ஈரச் சேற்றில் வெறுங்காலோடு வெகுதூரம் நடப்பதாகக் கனவு கண்டேன். சேறு குளிர்ச்சியாக இருந்தது.

அந்த வாரமே கூட்டத்தில் ஆண்டவர் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல ஆசைப்பட்டேன். ஆனால் எதையும் சரியாக எழுதிப் பழகியவனுக்குச் சந்தேகம் வந்தது. மகிமை ஆண்டவருக்கா, பெட்டிக்கா? சாட்சி சுத்தமாக இருக்க வேண்டும் என்று, அக்கா வீட்டு வாசலில் பெட்டியை அணைத்துவிட்டு உள்ளே போனேன். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் நெருப்பு திரும்பி வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சரிந்தேன்.

காரணத்தைச் சொன்னதும் அக்கா எல்லார் முன்னாலும் திட்டித் தீர்த்தாள். "ஏன்டா, கண்ணாடி போட்டுத்தானே பைபிள் வாசிக்கிற? அதையும் கழட்டிட்டு வாசி, பாப்போம்! மூணு வருஷமா அழுது ஜெபிச்சது நாங்க. பதில் வந்ததும் நீ சுவிட்ச ஆஃப் பண்ணுவியாடா?"

போதகரே சிரித்துவிட்டார். நான் பெட்டியின் சுவிட்சைப் போட்டேன். தூறல் மறுபடி தொடங்கியது. அந்தச் சலசலப்புக்குள் உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொன்னேன். சந்தேகம் அதோடு தீர்ந்தது.

சோதனை பலித்ததால் நிரந்தரக் கம்பி வைத்தார்கள். வலி முழுவதும் போகவில்லை. நீண்ட நேரம் நின்றால் இன்றும் எட்டிப் பார்க்கும். ஆனால் ரூபி தலையணையோடு எங்கள் அறைக்குத் திரும்பிவிட்டாள்.

பெரிய வியாழன் வந்தது. கிறிஸ்து சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, எங்கள் சபையில் அன்று பக்கத்தில் இருப்பவரின் கால்களை ஒருவருக்கொருவர் கழுவுவோம். ரூபி பாத்திரத்தோடு என் முன்னால் முழந்தாளிட்டாள். "வலிச்சா சொல்லுங்க" என்றாள். தண்ணீர் விட்டாள். உள்ளங்காலைத் தேய்த்தாள். நான் துள்ளினேன்.

"ஐயோ, வலிக்குதா?"

"இல்ல ரூபி. கூசுது!"

அமைதியான ஆராதனையில் நாங்கள் இருவர் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவள் கண்ணீரும் அந்தத் தண்ணீரில்தான் விழுந்தது.

உங்களில் யாராவது இப்படி ஒரு வலியோடு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கலாம். ஜெபிப்பதை விடாதீர்கள். மருத்துவரிடம் போகவும் வெட்கப்படாதீர்கள். கூட்டம் முடிந்ததும் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். பெட்டியைக் காட்டுகிறேன். பிறகு உங்களுக்காக நாம் சேர்ந்து ஆண்டவரிடம் கேட்போம்.