சுரண்டப்பட்ட நான்கு மூலைகள்

அந்த டிரேசிங் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. மேசையில் விரித்தால் வித்தியாசமாக ஒன்றும் தெரியாது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், படத்தின் நான்கு மூலைகளிலும் தாள் மெலிந்து வெளுத்திருப்பது தெரியும். வயல் மோட்டாருக்கான ஸ்டார்ட்டர் பெட்டியின் படம் அது. எண்பதுகளின் கடைசியில், திண்டிவனத்துத் தகரப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தபோது நான் வரைந்தது.

விழுப்புரத்திலிருந்து தினமும் ரயிலில் போவேன். பட்டறையில் நான் ஒருத்திதான் பெண். என் ஐ.டி.ஐ. படிப்பை மதித்தவர் ஃபோர்மேன் அண்ணன் மட்டும்தான். "ஏன்டா, பொம்பள கோடு போட்டா தகரம் வளையாதா?" என்று மற்றவர்களின் வாயை அடைப்பார். என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, வேர்க்கடலையில் அரைத்த மல்லாட்டைத் துவையலை உரிமையோடு எடுத்துக்கொள்வார். நான் வரையும்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக விசாரிப்பார். நானும் பெருமையாகச் சொல்லிக்கொடுப்பேன். கூடப்பிறந்தவர் என்றே நம்பினேன், மடச்சி.

தகட்டை இரண்டு பக்கம் மடக்கினால் மடிப்புகள் சந்திக்கும் மூலையில் சின்னதாக ஒரு வெட்டு விட வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் கிழியும். அண்ணனுக்கு அந்த வெட்டு பிடிக்காது. "மூலையில சந்து இருந்தா பல்லி பூந்துரும்மா. ஓட்டைப் பொட்டின்னு எவனும் வாங்க மாட்டான்" என்பார். வெட்டே இல்லாமல் சுத்தியலால் பதமாகத் தட்டி மடக்கிவிடும் கை அவருக்கு. ஆனால் அந்த முறை வேலை பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போனது. அங்கே கம்ப்யூட்டர் மிஷின் வெட்டும், பிரஸ் ஒரே அழுத்தில் மடக்கும். "மிஷினுக்கு உங்க கை ஏதுண்ணா? மடக்கினப்புறம் அந்த ஓட்டைய அடைச்சிக்கலாம்" என்றேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். படத்தை அங்கே கொண்டுபோய்க் கொடுத்ததும் அவர்தான்.

ஒரு லாரி நிறையப் போன பெட்டிகள் எல்லாம் மூலை கிழிந்து திரும்பி வந்தன. படத்தில் இருந்தபடிதான் வெட்டினோம் என்று தொழிற்சாலை கைவிரித்துவிட்டது. முதலாளி தாளை என் முன்னால் வீசினார். மூலைகளில் வெட்டு இல்லை. வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். "நான் போட்டிருந்தேன் சார். யாரோ பிளேடால சுரண்டியிருக்காங்க."

அண்ணனைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் வேலை தப்பும். அவர் என் பக்கம் திரும்பாமலே முதலாளியிடம் சொன்னார்:

"பிளேடு அந்தம்மா டேபிள்லதானேங்க இருக்குது, மொதலாளி."

அன்றே என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்; வீசிய தாளைச் சுருட்டி எடுத்துவந்தேன். அடுத்த மாதம் பட்டறை வெல்டரை ரயிலில் பார்த்தேன். இப்போது வெட்டு விட்டுத்தான் பெட்டி வருகிறதாம். "ஃபோர்மேன் ஐடியாவாம்மா. மொதலாளி மெச்சிக்கினு இருக்காரு" என்றார். வேலை போனதைவிட அதுதான் சுட்டது.

இப்போது விழுப்புரத்தில் என் சொந்த அறையில் கம்ப்யூட்டரில் வரைகிறேன். மடிப்பு போட்டதும் அந்த வெட்டு தானாக விழுகிறது. இன்று காலையில் பழைய தாளை மறுபடியும் ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். நான்கு மூலையிலும் வெட்டுக் கோட்டின் மை துளிகூட இல்லை. தாளில் ஒரு கீறலும் இல்லை. பாதி பிளேடைப் படுக்க வைத்து, தாள் கிழியாமல் மையை மட்டும் எடுப்பது எப்படி என்று அவர் ஒருநாள் கேட்டார். கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தவள் நான்தான்.