கரையோரத்தில் இருநூற்று ஐம்பத்தைந்து மீட்டர்

இந்த ஊர் பஸ்ஸில், இரண்டு பேர் உட்காரும் சீட்டில் ஒருத்தர் உட்கார்ந்துவிட்டால் அந்த சீட் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். பக்கத்தில் போய் உட்கார்ந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்; ஆனால் அடுத்த நிறுத்தத்தில் எழுந்து நின்றுகொள்வார்கள். தொண்டியிலிருந்து ராமநாதபுரத்துக்கு ஒருத்தர் மடியில் ஒருத்தராகப் போய்ப் பழகிய எனக்கு, வந்த முதல் மாதம் என் சட்டையில்தான் ஏதோ நாற்றம் என்று தோன்றியது. முகர்ந்து முகர்ந்து பார்த்ததுதான் மிச்சம். நார்வேயின் வடக்கே ஒரு சின்னத் துறைமுக ஊர் இது. குரலை உயர்த்த மாட்டார்கள், முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். ஆறு மாதத்தில் என்னை வாய்நிறையத் திட்டியது ஒரே ஆள், என் கம்ப்யூட்டரில் இருக்கும் கம்பைலர்; நாம் எழுதிய புரோகிராமைச் சரிபார்த்து, சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருள். முதல் நாளே ரெண்டாயிரத்துச் சொச்சம் எச்சரிக்கைகளைக் கொட்டியது. எந்த ஃபைல், எத்தனையாவது வரி, என்ன தப்பு என்று ஊரைக் கூட்டிச் சொல்லும். சத்தியமாகச் சொல்கிறேன், அதைப் படிக்கும்போதுதான் ஊரில் இருப்பது மாதிரி ஒரு தெம்பு வரும்.

என் வேலை என்ன என்று கேட்பவர்களுக்கு: மீன்பிடிப் படகுகளில், தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி அதன் எதிரொலியை வைத்துக் கடலின் ஆழம் காட்டும் கருவி ஒன்று உண்டு. அதற்குள் ஓடும் புரோகிராமை இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் சி மொழியில் எழுதியிருக்கிறார்கள், அன்றைக்கு இருந்த ஒரு சிப்புக்காக. இப்போது புதுச் சிப். அதே புரோகிராம் பழைய படகிலும் ஓட வேண்டும், புதுப் படகிலும் ஓட வேண்டும். அதற்காகச் சுத்தம் செய்ய என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சுத்தம் என்றால் என்ன? எங்கள் வீட்டில் “அங்கன வச்சிருக்கேன், எடுத்துக்க” என்றால் எல்லோருக்கும் தெரியும், அலமாரிக்கு மேலே சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் என்று. வெளியாள் கேட்டால் திருதிருவென்று முழிப்பான். பழைய புரோகிராம் முழுக்க இப்படி ‘அங்கன’தான். ஒவ்வொரு ‘அங்கன’வையும் தேடிப் பிடித்து, முழு விலாசம் எழுதி வைக்க வேண்டும். அவ்வளவுதான் என் பிழைப்பு.

அதில் ஒரு சிக்கல். முக்கியமான இடங்களில் எல்லாம் ‘பி.’ என்று ஒரு எழுத்து, எழுதியவரின் கையொப்பம். யார் இந்த பி. என்று நான் கேட்கவில்லை. மனதுக்குள் ஒரு உருவம் வந்துவிட்டது: வெள்ளைத் தாடி, வாயில் பைப், முப்பது வருஷம் கடலிலேயே கிடந்த பெரிய மனுஷர். அவர் எழுதியதை நான் அழிப்பதா? எங்கள் பக்கத்தில் பெரியவர் தப்பாகச் சொன்னாலும் “தப்பு” என்று சொல்ல மாட்டோம். “ஆமா ஆமா” என்று தலையாட்டிவிட்டு நமக்கு வேண்டியதைப் பக்கத்தில் வைத்துக்கொள்வோம். தொண்டியில் எங்கள் வீடே அப்படித்தான் கட்டப்பட்டது. அத்தா, அதாவது என் அப்பா, சவூதியிலிருந்து பணம் அனுப்பும்போதெல்லாம் ஒரு அறை கூடும், பழைய சுவரில் ஒரு செங்கலைக்கூட எடுக்க மாட்டார்கள். எங்கள் மாடிப்படி ஒன்று நேரே போய்ச் சுவரில் முட்டி நிற்கும். அதில் முட்டிக்கொள்ளாத விருந்தாளி கிடையாது. நானும் அப்படியே செய்தேன். பி. எழுதியதைத் தொடாமல், ‘புதுச் சிப் என்றால் இது, இல்லையென்றால் அது’ என்று சுற்றிச் சுற்றிக் கட்டினேன். ஐந்து மாதம் சுத்தம் செய்த பிறகு புரோகிராம் மூவாயிரம் வரி கூடியிருந்தது.

என் மேலாளர் சிக்ரித், என்னைவிட நாலைந்து வயது மூத்த பெண்மணி. அதைப் பார்த்துவிட்டு “சுவாரசியமாக இருக்கிறது” என்றார். பாராட்டு என்று நினைத்து அன்று மாலையே நசீமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். நசீமா என் மனைவி. அவளும் எங்கள் ஏழு வயது மகள் ஹஸ்னாவும் தொண்டியில் என் அம்மாவோடு இருந்தார்கள். ஆறு மாதச் சோதனைக் காலம் முடிந்து வேலை உறுதியானால்தான் அவர்களைக் கூப்பிட முடியும். இல்லையென்றால் நானும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். “சுவாரசியமா இருக்குன்னாங்களா? அப்ப உறுதிதான் மச்சான்” என்று அவள் ஹஸ்னாவுக்குக் கம்பளிச் சட்டை பார்க்கப் போய்விட்டாள். ‘சுவாரசியம்’ என்றால் இங்கே ‘இது என்ன கூத்து’ என்று அர்த்தம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கடைசி வாரம், வியாழக்கிழமை காலையில், துறைமுகத்தில் கட்டியிருந்த ஒரு படகில் புதுக் கருவியை மாட்டி ஓட்டிப் பார்த்தேன். திரையில் ஆழம் வந்தது: இருநூற்று ஐம்பத்தைந்து மீட்டர். எனக்குப் புல்லரித்துவிட்டது. நான் வளர்ந்த கடலில் பாதித் தூரம் நடந்தே போகலாம், தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. இங்கே ஃபியோர்டு என்று மலைக்கு நடுவே நுழைந்திருக்கும் கடல் நானூறு மீட்டர் ஆழம் என்று சிக்ரித்தே சொல்லியிருந்தார். அடேயப்பா, வெளிநாடு வெளிநாடுதான், கரையிலேயே இவ்வளவு ஆழமா என்று நினைத்தேனே ஒழிய, சந்தேகம் என்பது எள்ளளவும் வரவில்லை. ‘சரியாக வேலை செய்கிறது’ என்று அறிக்கை எழுதி அனுப்பினேன். படகையும் திரையையும் சேர்த்துப் போட்டோ எடுத்து, பாம்பனில் இருக்கும் என் கூட்டாளி அந்தோணிக்கும் அனுப்பினேன். கல்லூரியில் ஒரே பெஞ்சு. நான் சிப்புக்குப் போனேன், அவன் அப்பாவின் விசைப்படகுக்குப் போனான். பெருமை பீற்றிக்கொள்ள அவனைவிட்டால் எனக்கு ஆள் ஏது?

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவன் குரல் பதிவு வந்தது. முதல் அரை நிமிஷம் வெறும் சிரிப்பு. அப்புறம்தான் பேச்சு.

“ஏலே கபீரு, இருநூத்தி அம்பத்தஞ்சு மீட்டரா? போட்டோவுல படகுக்குப் பின்னாடி பாருலே. தண்ணிக்கு அடியில கல்லு தெரியுது. கல்லுல ஒட்டியிருக்கிற மட்டியக்கூட எண்ணிப்புடலாம் போல. ரெண்டு பாகம்கூட இருக்காது. உன் மிசினுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா?”

பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கல் தெரிந்தது. மட்டிச் சிப்பியும் தெரிந்தது. 

ஓடிப்போய்ப் புரோகிராமைத் திறந்தேன். ஆழம் ரொம்பக் குறைவாகி எதிரொலி தெளிவில்லாமல் போனால் ‘மைனஸ் ஒன்று’ என்று குறித்துக்கொண்டு மணி அடிக்க வேண்டும், இது பி. எழுதிய வரி. அந்த எண்ணைப் போட்டு வைக்கும் சின்னப் பெட்டியின் பெயர் கேர். பழைய சிப் அந்தப் பெட்டியில் மைனஸ் எண்ணை ஏற்றுக்கொள்ளும். புதுச் சிப்புக்கு அதில் மைனஸே கிடையாது. மைனஸ் ஒன்றைப் போட்டால் இருநூற்று ஐம்பத்தைந்தாக எடுத்துக்கொள்ளும். மணி அடிக்கவே அடிக்காது. இதையும் கம்பைலர் எனக்குச் சொல்லியிருந்தது, “இந்த நிபந்தனை ஒருநாளும் உண்மையாகாது” என்று. நான்தான், கடலிலேயே கிடந்த மனுஷருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும் என்று, அந்த எச்சரிக்கையின் வாயை ஒரு வரி எழுதி அடைத்து வைத்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்று மணிக்கு அந்தப் படகு கிளம்புவதாக இருந்தது. துறைமுக வாயில் முழுக்கப் பாறை. சொன்னால் வேலை போகும், நசீமா வாங்கிய கம்பளிச் சட்டை தொண்டி வெயிலில் தொங்கும். சொல்லாவிட்டால் படகு பாறையில் ஏறும். சிக்ரித்தின் அறைக்குப் போனேன். போனவன் வாயில் என்ன வந்தது தெரியுமா?

“ஒன்றுமில்லை. பதற வேண்டாம். சின்ன விஷயம்தான்.”

எங்கள் ஊரில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணுகிறவர்கூட இப்படித்தான் ஆரம்பிப்பார். ‘ஒண்ணுமில்ல’ என்று கேட்டதுமே கேட்பவருக்கு ஈரக்குலை நடுங்கிவிடும், செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவருவார். சிக்ரித் ஓடிவரவில்லை. “நல்லது. சின்ன விஷயம் என்றால் திங்கட்கிழமை பார்ப்போம்” என்று காப்பியை எடுத்துக்கொண்டார்.

“இல்லை, கொஞ்சம் முக்கியம்...”

“கொஞ்சம் என்றால் நாளைக்குப் பார்ப்போம்.”

மணி இரண்டு நாற்பது. என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மேலதிகாரியின் முகத்துக்கு நேரே, முன்னும் பின்னும் எதையும் ஒட்டாமல் பேசினேன். “நான் தப்புச் செய்துவிட்டேன். என் அறிக்கை பொய். அந்தப் படகு போனால் பாறையில் மோதும்.” காப்பிக் கோப்பை மேசையில் விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அந்த அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டே துறைக்கு ஓடினார், பின்னாலேயே நான். கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார் படகுக்காரர். விஷயத்தைக் கேட்டுவிட்டு மறுபடி முடிச்சுப் போட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை சிக்ரித் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த வரியை ஏன் தொடவில்லை என்று கேட்டார். சொன்னேன், தாடி, பைப் எல்லாவற்றையும். அவர் திரையில் இருந்த ‘பி.’யை விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு, “அது நான்தான். காலேஜில் படிக்கும்போது கோடை லீவுக்கு இங்கே வேலைக்கு வந்தேன். கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் பி-யில் ஆரம்பிக்கும். எனக்கே கடலைப் பார்த்தால் வாந்தி வரும்” என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை நிறுத்தவில்லை. ஆறு மாதத்தில் அந்த ஆபீசில் நான் கேட்ட முதல் பெரிய சிரிப்பு. “இப்போது அழி” என்றார். எழுதியவர் பக்கத்தில் இருக்கும்போதே அழிக்கச் சொன்னால் எப்படி?  மதியத்துக்குள் ரெண்டாயிரத்து எண்ணூறு வரியை அழித்தோம். பெட்டி மைனஸை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று வெளிப்படையாக ஒரு வார்த்தை எழுதினேன். இப்போது பழைய சிப்பும் புதுச் சிப்பும் ஒரே பதிலைச் சொல்கின்றன. படகில் மாட்டியதும் மணி காது கிழிய அடித்தது. மாலையில் சிக்ரித் வேலை உறுதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். “எச்சரிக்கையை மூடினால் மட்டும் எனக்குக் கோபம் வரும்” என்றார். அதை நேரடியாகவே சொன்னார்.

நசீமாவுக்கு வீடியோவில் கடிதத்தைக் காட்டினேன். “அல்ஹம்துலில்லாஹ்” என்று கத்திவிட்டு அழுதாள், நானும் அழுதேன். ஹஸ்னா கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க ஒரு சுற்று ஆடிக் காட்டினாள். கடைசியில் போன் அம்மா கைக்குப் போனது. 

“சந்தோசம்லே. மூணு பேரும் அங்கன இருந்தா, பெருநாளைக்கு இங்கன யாரு வருவா?”

“எல்லாரும் வருவோம்மா. கண்டிப்பா வருவோம்” என்றேன், பட்டென்று. லீவு கேட்கவில்லை, டிக்கெட் விலை பார்க்கவில்லை.

“டிக்கெட்டப் போட்டுட்டுச் சொல்லு” என்றார் அம்மா.

அன்றைக்கே டிக்கெட் போட உட்கார்ந்தேன். பெருநாளுக்குள் நசீமாவும் ஹஸ்னாவும் இங்கே வந்துவிடுவார்கள். பெரியவர் இரண்டு, சிறுவர் ஒன்று, போய்வர. புறப்படும் ஊர் என்ற கட்டத்தில் இந்த ஊர்ப் பெயரை நிரப்பினேன், போய்ச் சேரும் ஊருக்கு மதுரை. அடுத்தது, திரும்பி வரும் ஊர். இத்தனை வருஷமாக ஊரிலிருந்து கிளம்பும்போதே போய்வர டிக்கெட் எடுத்து, அந்தக் கட்டத்தில் மதுரைதான் போட்டிருக்கிறேன், சென்னைக்குப் போனாலும் துபாய்க்குப் போனாலும். நிரப்பாவிட்டால் மேலே நகரவிட மாட்டேன் என்று கட்டம் சிவப்பாகிவிட்டது. எழுத்துக்கூட்டி இந்த ஊரின் பெயரைப் போட்டேன். அது சரி என்று எடுத்துக்கொண்டு, மூன்று பேரின் பெயரையும் கேட்டது.