ரயில் ரோட்டின் ஓரப்புல்

தெஹியோவிட்ட பக்கம், எங்கள் தோட்டத்துக்குக் கீழே ஒரு காலத்தில் ரயில் ஓடியதாம். தண்டவாளத்தை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்பே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனாலும் எங்களுக்கு அது இன்றைக்கும் ரயில் ரோடுதான். போன வருடம் புதரை வெட்டி, கல் பதித்து, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் என்று திறந்துவிட்டார்கள். காலையில் கார்மன்ட் ஃபேக்டரிப் பிள்ளைகள் சைக்கிளில் வேலைக்குப் போகிறார்கள். டவுன்காரர்கள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு தொப்பை குறைக்க வருகிறார்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. ரப்பர் மலையில் ஏறி இறங்கிப் பால் வெட்டியே தேய்ந்த கால். மேடு பள்ளம் இல்லாத இடத்தில் தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். எங்கள் பக்கம் அப்படி இருப்பது ரயில் ரோடு மட்டும்தான். கூட்டிக்கொண்டு போனேன்.

எங்கே நடந்தாள்? எதிரே சப்பாத்துப் போட்ட யார் வந்தாலும் சட்டென்று ஓரப்புல்லில் இறங்கி, அவர்கள் போகும்வரை நிற்பாள். தோட்டத்து மனேஜரான துரையின் ஜீப்புக்கு ஒதுங்கி ஒதுங்கிப் பழகிய உடம்பு. திரும்ப ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு "அம்மாடி" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோபத்தைவிட அவமானம்தான் அதிகம்.

"ஏம்மா எறங்குறீங்க? இது எல்லாருக்கும் போட்ட ரோடுதானே?"

"பெரிய மனுசங்க வாறாங்க புள்ள. மூஞ்சிக்கு நேரா எப்பிடிப் போறது?"

ஒரு நாள் எதிரே வந்த சிங்களப் பெண் ஒருவர், அம்மா நொண்டுவதைப் பார்த்துத் தானே புல்லில் இறங்கி, "யன்ன அம்மே, யன்ன" என்று போகச் சொல்லி வழிவிட்டார். அம்மாவோ வழக்கம்போல இந்தப் பக்கம் இறங்கிவிட்டாள். ஆளுக்கொரு ஓரத்தில் இருவரும் நிற்க, நடுவில் ரோடு காலியாகக் கிடந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வீடு வரும்வரை, "எனக்குப் போயி எறங்கி நின்னுச்சே அந்த நோனா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அதன் பிறகு இறங்குவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. போன வாரம் துரையே அரைக்கால் சட்டையோடு எதிரே ஓடி வந்தார். நான் டவுன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவரிடம் எனக்கு ஒரு வேலையும் இல்லை. அம்மா நடுரோட்டில் அப்படியே நின்றாள். அவர்தான் சற்று விலகி, தலையசைத்துவிட்டுப் போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நீ ஏன் புள்ள எறங்குன?"

குனிந்து பார்த்தேன். என் இரண்டு கால்களும் புல்லில் இருந்தன.