அம்மா சொன்ன எடை

எங்கள் குடும்பம் ஹெலிகாப்டர் ஓட்டிப் பிழைத்தது என்று சொன்னால் என் அலுவலகத்தில் யாரும் நம்புவதில்லை. வடக்கே எங்கோ ஒரு கம்பெனியில் ஹெலிகாப்டர் ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பா திடீரென்று வேலையை விட்டுவிட்டு வந்தார். கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பை ஒட்டிய காலி நிலத்தில், வாடகைக்கு எடுத்த ஹெலிகாப்டர் ஒன்றை இறக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து நிமிடம் வானத்தில் சுற்றிக் காட்டுவதுதான் தொழில். கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்த அப்பா தரையைப் பார்த்துக்கொண்டார். இறங்குகிற இடத்தில் மயில்கள் கூட்டமாக வந்து மேயும். அவற்றை விரட்டுவதற்கென்றே இரண்டு நாய்கள் இருந்தன. எங்கள் எல்லோரையும்விட அவைதான் வேலையில் ஒழுங்கு.

அம்மாவின் வேலை எடை பார்ப்பது. ஏறுகிற ஒவ்வொருவரின் எடையும் கைக்கு வராமல் சித்தப்பா இன்ஜினைத் தொடமாட்டார். வெயில் ஏற ஏறக் காற்று லேசாகிவிடுமாம். காலையில் நான்கு பேரைத் தூக்குகிற ஹெலிகாப்டர் உச்சிவெயிலில் மூன்று பேருக்கே முக்கும். மூடிப்போன ஒரு மில்லிலிருந்து வாங்கிவந்த, பஞ்சுப் பொதி நிறுக்கிற பழைய தராசு ஷெட்டில் இருந்தது. ஏறி நிற்பவருக்கு அதில் எதுவும் தெரியாது. எதிர்ப்பக்கம் நின்று எடைக்குண்டை நகர்த்துகிற அம்மாவுக்கு மட்டும்தான் எண் தெரியும். அம்மா அதை ஒரு சீட்டில் பென்சிலால் எழுதுவாள். அப்பா கொண்டுபோய்ச் சித்தப்பாவிடம் கொடுப்பார்.

எனக்கு ஒரே ஒரு தடவை பறந்துவிட வேண்டும். கேட்கும்போதெல்லாம் "அடுத்த வாரம் பாக்கலாம் கண்ணு" என்பார் சித்தப்பா. ஒரு வருடமாக அடுத்த வாரம் வரவே இல்லை. எடையில் மிச்சமிருந்தால்தான் எனக்கு இடம் என்பதால், மெலிந்தவர்கள் வந்தால் மகிழ்வேன், தொந்தியும் தொப்பையுமாக யாராவது காரிலிருந்து இறங்கினால் மனதுக்குள் திட்டுவேன்.

ஒரு மே மாத நண்பகலில் பீளமேட்டிலிருந்து அக்கா தங்கைகள் மூன்று பேர் வந்தார்கள். மூவருமே நல்ல வாட்டசாட்டம். பெரியவர் கூச்சத்தோடு தராசில் ஏறினார்.

"அறுபத்தெட்டுத்தானுங்க அம்மணி" என்றாள் அம்மா.

"கேட்டீங்களா! ஊட்டுல என்னைய எண்பதுன்னு கேலி பேசறாங்க" என்று அவர் தங்கைகளைப் பார்த்துச் சிரித்தார். அடுத்தவருக்கு எழுபத்திரண்டு, கடைசியவருக்கு எழுபது. என் மனம் கூட்டிவிட்டது: இருநூற்றுப் பத்து. நண்பகலில் இருநூற்று நாற்பத்தைந்து கிலோ வரை ஏற்றலாம். என் எடை இருபத்தெட்டு. எனக்கும் இடம் இருந்தது.

அப்பா நாய்களோடு மயில்களின் பின்னால் போயிருந்ததால், அன்று அம்மா சீட்டை என்னிடம் கொடுத்தாள். வழியில் பிரித்துப் பார்த்தேன். எண்பது, எண்பத்து மூன்று, எழுபத்தொன்பது என்று எழுதியிருந்தது. அம்மா பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். நானோ ஆறாம் வகுப்பில் கணக்கில் முதல். பாவம், வெயிலில் தப்பாக எழுதிவிட்டாள் என்று முடிவு செய்தேன். அதில் பாதி நம்பிக்கை, பாதி ஆசை என்று இன்று ஒப்புக்கொள்கிறேன். என் காதால் கேட்ட எண்களையே வேறொரு சீட்டில் எழுதி, கீழே என்னையும் சேர்த்தேன். என் எழுத்து அம்மாவின் எழுத்தைப் பார்த்துப் பழகியது, வித்தியாசம் தெரியாது.

சித்தப்பா சீட்டையும் அந்த மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அண்ணி எழுதுனாச் சரியாத்தான் இருக்கும். ஏறு கண்ணு" என்றார்.

தரையிலிருந்து ஓர் ஆள் உயரம் எழும்பினோம். ஹெலிகாப்டர் அங்கேயே நின்று நடுங்கியது. எதிரே தென்னைகள். சித்தப்பா முன்னாலிருந்த மானிகளின் முட்களையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கீழே இறக்கி இன்ஜினை அணைத்தார். அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எனக்கு அழுகை வந்தது, பயத்தால் அல்ல, பறக்கவில்லையே என்று.

ஷெட்டுக்கு வந்து சீட்டை அம்மாவிடம் நீட்டினார். அப்பாவும் வந்துவிட்டார். மூன்று பெண்களும் பின்னாலேயே வந்து நின்றார்கள்.

"ஏனுங்க அண்ணி, இது நீங்க எழுதுனதுங்களா?"

அம்மா சீட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு, எடை குறைந்த சந்தோஷம் முகத்தில் இன்னும் மிச்சமிருந்த அந்தப் பெரிய அக்காவைப் பார்த்தாள்.

"நாந்தானுங்க தம்பி. கண்ணு மங்கி, தப்பா எழுதிப்போட்டேன்."

"உசுரு சமாச்சாரமுங்க இது" என்றார் சித்தப்பா. குரலை உயர்த்தவில்லை. அப்பா மட்டும் எல்லோர் முன்னிலையிலும் அம்மாவைக் கடிந்துகொண்டார். அம்மா தராசின் குண்டை ஆரம்பத்துக்கு நகர்த்தி வைத்தாள். என்னிடம் அன்றும் எதுவும் கேட்கவில்லை, பிறகு எப்போதும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் மின்சாரத் தராசு வந்தது. ஏறி நின்றால் எண் சிவப்பில் ஊருக்கே தெரிந்தது. அதைப் பார்த்து எழுத ஒரு கல்லூரிப் பெண்ணை வைத்தார்கள். வந்த பெண்களில் சிலர் தராசைப் பார்த்ததும், தலை சுற்றுகிறது என்று காரிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். சொல்வதற்கு ஓர் எண்ணும் எழுதுவதற்கு ஓர் எண்ணும் அம்மா வைத்திருந்தது எதற்காக என்று எனக்கு அப்போது புரியவில்லை. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒரே கையெழுத்து அவளுடையது என்பதும், ஏறியவர்கள் எல்லோரும் உயிரோடு பறந்து இறங்கியது அந்தப் பென்சிலால் என்பதும் புரியவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா தோப்புக்கு வரவில்லை. வீட்டிலேயே இருந்து என்னைத் தலைக்குக் குளிக்க வைத்து, சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். அம்மா வீட்டோடு இருந்தது எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவும் செய்தேன்.