ஞாயிற்றுக்கிழமை அளந்த கரண்ட்

சவரிராஜ் சிவகாசி பிரஸ் வேலையை விட்டது ரோஷத்தில். அச்சு மெஷினில் ஒரு போல்ட் உடைந்ததற்காக முதலாளி ரத்தினசாமி அத்தனை பேர் முன்னால், "ஏலே, சோத்துல உப்புப் போட்டுத்தான திங்கிற?" என்று கேட்டுவிட்டார். மறுநாள் சவரிராஜ் போகவில்லை. நாரணாபுரத்தில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, இரும்பு கடையும் பழைய லேத் ஒன்றை இறக்கினார். இனி எவன் வாசலிலும் போய் நிற்பதில்லை என்று வைராக்கியம். அது 1963.

லேத்துக்கு மூணு பேஸ் கரண்ட் வேண்டும். வீட்டுக்கு வந்ததோ ஒரே பேஸ். மனுக் கொடுத்து அலைந்ததில் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். ஆகவே உபரி மோட்டார் ஒன்றை ஓடவிட்டு, கரண்டைத் தேக்கித் தரும் கண்டென்சர்களைக் கோத்து, இல்லாத பேஸை அதிலிருந்து வரவழைக்கத் துணிந்தார். கண்டென்சர்களைக் கூட்டிக் குறைத்து, மூன்று கம்பியிலும் ஒரே அளவு கரண்ட் ஓடச் செய்ய வேண்டும். ஏறுமாறாக ஓடினால் மோட்டார் கருகிவிடும்.

அளக்க மீட்டர் வேண்டுமே. பிரஸ் எலக்ட்ரீஷியன் பலவேசம் முதலாளிக்குத் தெரியாமல் கொடுத்தார், ஞாயிற்றுக்கிழமை மட்டும். திங்கள் காலை அது பிரஸ்ஸில் இருந்தாக வேண்டும். ஐந்து ஞாயிறு சவரிராஜ் பூசைக்குப் போகவில்லை. ஐந்தாவது ஞாயிறு, இரும்பைக் கடைந்துகொண்டே அளந்தார். நாலு ஆம்பியர், நாலு, நாலே கால். மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மனைவி ஞானபூரணி மூன்றாம் வகுப்பு டீச்சர். அவள் தலைக்கு மேலே எரிந்த பல்பைப் பார்த்தாள்.

"இன்னைக்குக் கம்பெனிக பூரா லீவு. அதான் பல்பு இம்புட்டு வெளிச்சமா எரியுது. மத்த நாளு அழுது வடியுதே, அப்பவும் ஒருக்கா அளந்து பாத்தீகன்னா தேவல."

"நீ மூணாங்கிளாசுக்குப் பாடம் எடு, போதும்."

பிறகு நடந்ததை விதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாய்க்கொழுப்பு.

செவ்வாய்க்கிழமை விருதுநகர் எண்ணெய் ஆலைக்காரர் ஒருவர் பெரிய வார்ப்புச் சக்கரம் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். "இது சரியா வந்துட்டா எங்க வேலை அம்புட்டும் ஒங்களுக்குத்தான்" என்றார்.

பத்து மணிக்குச் சுற்றுவட்டாரத்துக் கம்பெனிகள் எல்லாம் ஓட ஆரம்பித்ததும் கரண்ட் நொண்டியது. லேத் முனகியது. உபரி மோட்டாரிலிருந்து வரவழைத்த மூன்றாவது கம்பி வேலை செய்யாமல் சோம்பிக் கிடக்க, மற்ற இரண்டும் சுமக்க மாட்டாமல் சுமந்தன. அதைக் காட்ட அன்றைக்கு மீட்டர் இல்லை. உளி சக்கரத்தில் குத்திக்கொண்டு நின்றது. விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. அவர் ஓடிப்போய் சுவிட்சை அணைப்பதற்குள் லேத் மோட்டார் புகைந்துவிட்டது.

ஆலைக்காரர் வந்து உடைந்த சக்கரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

இரண்டு வாரம் கழித்து சவரிராஜ் ரத்தினசாமியின் வாசலில் போய் நின்றார்.

"மூணு பேஸும் இங்கன கெடக்கு. அத விட்டுட்டு எங்கனலே போயித் தேடுன?"

எல்லோரும் சிரித்தார்கள், பலவேசமும். சவரிராஜும் சிரித்தார். சிரிக்காமல் எப்படி உள்ளே போவது?

'நான் அப்பவே சொன்னேனே' என்று ஞானபூரணி ஒருநாளும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பல்பு பளிச்சென்று எரியும். அவர் எழுந்து போய் அணைத்துவிடுவார். அவள் அரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்துவாள்.