செத்த சிக்னலுக்கு இடப்பக்கம்

"சரிங்க, எரிஞ்ச கடை. அது எதுக்குப் பக்கத்துல?" என்று கேட்டுக்கொண்டே இடது கையால் நோட்டைப் புரட்டுகிறாள். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில், அவளுக்கு எதிரே கணினியில் ஊர் முழுவதும் வரைபடமாக விரிந்து கிடக்கிறது. அதில் எரிந்த கடை என்று எதுவும் இல்லை. கடை எரிந்து பன்னிரண்டு வருஷமாகிறது. அங்கே இப்போது மூன்று மாடி வங்கி நிற்கிறது. ஆனாலும் நெஞ்சு வலிக்கிறவனுக்கு அது எரிந்த கடைதான்.

ஊருக்கு இரண்டு முகவரி என்பது அவள் கட்சி. ஒன்று தபால்காரருக்கு, மற்றது தலை போகிற அவசரத்துக்கு. இரண்டாவதைத்தான் அந்த நோட்டில் அகர வரிசையில் சேர்த்து வைத்திருக்கிறாள். மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் தெரு 'கடற்கரை'. ஏறி முடிப்பதற்குள் நாலு தடவை முணுமுணுக்க வைக்கிற ஏற்றம் 'மாமியார் மேடு'. 'செத்த சிக்னல்' விஷயத்தில் மட்டும் அவளுக்கே தலை சுற்றும். அந்தப் பெயரில் இரண்டு இருக்கின்றன. அதில் ஒன்றைப் போன மாதம் பழுது பார்த்துவிட்டார்கள். பச்சையும் சிவப்புமாக ஜோராக எரிகிறது, பெயர் மட்டும் மாறவில்லை. "எரியுற செத்த சிக்னலா, எரியாத செத்த சிக்னலா?" என்று அவள் கேட்கும்போது, அறைக்குப் புதிதாக வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள்.

அவள் குரலும் ஒரு தினுசு. இரைச்சலான லைனில் பதினோரு வருஷம் கத்திப் பழகியதில், வீட்டில் உப்பு கேட்டால்கூடத் தெருக்கோடிக்குக் கேட்கும். அவள் மெதுவாகப் பேசினால்தான் பயமாக இருக்கிறது என்பார் கணவர்.

நேற்று மத்தியானம் ஒரு பெண் அழைத்தாள். மாமனார் குளியலறையில் விழுந்துவிட்டாராம், பேச்சு இல்லையாம். குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, தெருப் பெயர் தெரியவில்லை.

"எல்லாரும் கத்துறக்கா சந்துன்னு சொல்வாங்க."

'க' பக்கத்தைத் திறந்தாள். கடற்கரை, கண்ணாடி வீடு, கல்லறை ரோடு. கத்துறக்கா இல்லை. தனக்குத் தெரியாமல் இந்த ஊரில் ஒரு பெயரா? கணினியில் தட்டினாள், அது கையை விரித்தது. பெரியவரை ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொல்லிவிட்டு, எந்தப் பகுதி, எந்தப் பேருந்து வரும் என்று கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு அழுகைதான் வந்தது. உயிர் ஒன்று ஊசலாடுகிறது, வண்டி தயாராக நிற்கிறது, அனுப்பத்தான் இடம் இல்லை.

"அந்த அக்கா யாரும்மா?"

"பாத்ததில்லைங்க. எதிர் வீடு. சத்தம் மட்டும்தான் கேக்கும்."

ஜன்னல் வழியாக என்ன தெரிகிறது என்று கேட்டாள். பச்சை கேட், உடைந்த குழாய், சுவரோரம் மஞ்சள் நிறத்தில் ஒரு மூன்று சக்கர சைக்கிள், அதில் ஒரு சக்கரம் இல்லை.

அந்தச் சக்கரத்தை மாட்டித் தரச் சொல்லி வீட்டில் அவளைத்தான் மகன் ஒரு வாரமாக நச்சரிக்கிறான்.

முகம் சுட்டது. பக்கத்து நாற்காலிக்காரர் பார்க்கிறாரோ என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு வயர்லெஸ்ஸை எடுத்துத் தன் தெருவின் முறையான பெயரையும் எதிர் வீட்டுக் கதவு எண்ணையும் ஓட்டுநருக்குச் சொன்னாள். அவருக்குப் பிடிபடவில்லை. எதற்குப் பக்கம் என்று இரண்டு தடவை கேட்டார். எரியாத செத்த சிக்னலுக்கு இடப்பக்கம் என்றாள். அங்கே ஏழு சந்து இருக்கிறதே என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டாள். "கத்துறக்கா சந்து."

"அட, அங்கயா? அஞ்சே நிமிஷம்க்கா" என்றார் ஓட்டுநர். யாரிடம் சொன்னோம் என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அதன் பிறகு லைனில் சைரன் சத்தம் மட்டுமே கேட்டது.

பெரியவருக்கு மூச்சு இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்று கால் மணி நேரத்தில் தகவல் வந்தது. அவள் நோட்டை எடுத்து, கண்ணாடி வீட்டுக்கும் கல்லறை ரோட்டுக்கும் நடுவே நெருக்கி அந்தப் பெயரை எழுதினாள். எதிரே தன் வீட்டுக் கதவு எண்ணைப் போட்டாள்.

அடுத்த அழைப்பு வந்தது. எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, மெல்லக் கேட்டாள்.

"ஒண்ணுமே கேக்கலைங்க" என்றது மறுமுனை.

மைக்கை வாயருகே இழுத்து வைத்துக்கொண்டு கத்தினாள்.